கட்டிய தார்ப்பாயும் பூட்டிய மூடியும்

பெருங்களத்தூர் சிக்னலில் சாயங்காலம் சிவப்பு விழுந்து நிற்கும்போது சுற்றிலும் பாருங்கள். இந்தப் பக்கம் மஞ்சள் போர்டு குட்டியானை ஒன்று. மேலே நீலத் தார்ப்பாய். உள்ளே பீரோவோ ஃபிரிட்ஜோ எங்கே முட்டுகிறதோ அங்கே பாயும் முட்டிக்கொண்டு நிற்கும். கட்டில் சட்டம் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் வெள்ளை போர்டு பிக்கப் ஒன்று. அதன் பின்னால் பாடியின் விளிம்புக்கு ஒரு நூல்கூட மேலே ஏறாமல் கறுப்பு மூடி. உள்ளே என்ன இருக்கிறது, ஏதாவது இருக்கிறதா என்பதே தெரியாது. இரண்டும் சரக்கை மூட வந்தவைதான். முன்னதில் சரக்கைப் பார்த்து மூடி வளைந்துகொடுக்கிறது. பின்னதில் மூடியைப் பார்த்துச் சரக்கு குனிய வேண்டியிருக்கிறது. தாம்பரத்தைச் சுற்றி ஐம்பது அறுபது வருஷத்தில் சரக்கு வண்டிகள் மாறிய கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

பிக்கப் என்பது இந்தப் பக்கத்துக்கு வெளியிலிருந்து வந்த புதுப்பொருள் இல்லை. பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையோரம் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் ஆலை இருந்தது. ஹெரால்டு காருக்காக ஊர் அதை நினைவு வைத்திருக்கிறது; ஆனால் அங்கே ‘ஸ்டாண்டர்ட் 20’ என்ற ஒரு டன் வண்டியும் உருவானது. ஆம்புலன்ஸ், பள்ளி வேன், திறந்த பிக்கப் என்று பல வேஷத்தில் அது ஓடியது. 1985-ல் பெரிய ஆர்ப்பாட்டத்தோடு வந்த ஸ்டாண்டர்ட் 2000 கார் விலைபோகாமல், மூன்றே வருஷத்தில் உற்பத்தி நின்றது. அந்த நிலத்தில் இன்று ஸ்ரீராம் கேட்வேயின் கண்ணாடிக் கட்டடங்கள். அங்கே வேலைக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு, தாங்கள் கார் நிறுத்தும் மண்ணில் ஒரு காலத்தில் காரே செய்தார்கள் என்று தெரியுமோ!

அந்தக் காலத்து மூடி என்றால் கான்வாஸ் படுதா. தடித்த பருத்தித் துணியில் மெழுகு ஏற்றியது; பச்சை அல்லது காக்கி நிறம். காய்ந்திருந்தால் ஒரு ஆள் சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ளலாம். மழையில் ஊறிவிட்டால் இரண்டு பேர் இல்லாமல் இறக்க முடியாது. ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பூக்கும், ஒரு மாதத்தில் நூல் நூலாகக் கையோடு வரும். அதனால் மழை விட்ட மறுநாள் லாரி ஷெட்டில் முதல் வேலை படுதாவைக் காய வைப்பதுதான். பணம் போட்டு வாங்கின சாமான். கிழிந்த இடத்தில் கோணி ஊசியால் ஒட்டுத் தையல் போட்டு வருஷக்கணக்கில் ஓட்டினார்கள்.

எல்லாச் சரக்கையும் மூடினார்கள் என்று நினைக்க வேண்டாம். நெல்லை மூடுவார்கள், சிமெண்டை மூடுவார்கள். குரோம்பேட்டை என்ற பெயருக்கே காரணமான குரோம் லெதர் கம்பெனியும், அதை ஒட்டி வளர்ந்த தோல் தொழிலும் இருந்ததால் ஈரத்தோல் ஏற்றிய வண்டிகள் ஜி.எஸ்.டி. சாலையில் உண்டு. அவற்றின் மேல் படுதா போட்டாலும் வாசனை முன்னாலேயே வந்து சேர்ந்துவிடும். பல்லாவரம், பம்மல், திரிசூலம் மலைகளிலிருந்து ஜல்லி ஏற்றிய லாரிகள் மட்டும் மொட்டையாகத்தான் வரும். பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் ஒரு பிடி ஜல்லி சாலைக்கு. சைக்கிளில் பின்னால் போகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கல் வீணாவதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, மழையில் நனைந்தாலும் கல் கல்தான். மூடியது எதிராளிக்காக அல்ல, சரக்குக்காக.

இன்று அது சட்டத்தில் தலைகீழாகிவிட்டது. 2018 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்த தூசுக் கட்டுப்பாட்டு விதிகள், கட்டுமானப் பொருளோ இடிபாடோ ஏற்றும் வண்டி மூடித்தான் போக வேண்டும் என்கின்றன. சரக்குக்காக இருந்த மூடி சாலையில் போகிறவனின் நுரையீரலுக்காகவும் ஆயிற்று. எம்-சாண்ட் லாரி எத்தனை மூடிக்கொண்டு போகிறது என்று வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் இரு சக்கர வண்டி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். பாய் இருக்கும், பாதி வண்டியில் அது கேபின் மேல் சுருண்டு கிடக்கும்.

படுதா கட்டுவது ஒரு வித்தை. இரண்டு பாய் போட்டால் முன்பாய் பின்பாய்க்கு மேலே வர வேண்டும். மாறிப் போட்டால் காற்று இடையில் நுழைந்து வண்டலூர் தாண்டுவதற்குள் பாயைக் கொடியேற்றிவிடும். பக்கவாட்டில் தொங்குவதை உள்ளே மடித்து, முனைகளைக் கடிதக் கவர் மாதிரி மடக்க வேண்டும். பிறகு கயிறு. ஒரு பக்கக் கொக்கியில் தொடங்கி, லோடுக்கு மேலே எறிந்து, அந்தப் பக்கம் இறங்கி, கயிற்றின் நடுவில் ஒரு கண் போட்டு, நுனியைக் கீழ்க் கொக்கியில் வளைத்து அந்தக் கண்ணுக்குள் விட்டு, பக்கப் பலகையில் காலை ஊன்றி இழுப்பார்கள். கப்பி செய்கிற வேலையை அந்த ஒரு கண் செய்துவிடும். ஒரு ஆள் பலத்தில் இழுத்தது அந்தப் பலத்தைவிடக் கூடுதலாக இறுகும். அவிழ்க்கும்போது நுனியைப் பிடித்து ஒரு சுண்டு, முடிச்சு தானாகக் கழன்று விழும். இழுத்தால் அவிழாமல், சுண்டினால் அவிழ வேண்டும். இதைக் கிளீனர் பையன் டிரைவரிடம் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொள்வான். எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை.

திருட்டுக்கு அப்போது பூட்டு கிடையாது. பூட்டு என்பது லோடு மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும் ஆள்தான்.

மூடாமல் போவதற்கும் ஒரு நியாயம் இருந்தது. கல்யாணச் சீர்வரிசை வண்டியை யாராவது மூடுவார்களா? கட்டில், பீரோ, கிரைண்டர், குத்துவிளக்கு, பித்தளை அண்டா எல்லாம் தெருவுக்குத் தெரியத்தான் அடுக்குவார்கள். செம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குச் சீர் வந்தால் ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும் அண்டா எத்தனை என்று செய்தி போய்விடும். பெண்ணைப் பெற்றவரின் தலையில் அது எவ்வளவு பாரம் என்பது வேறு விஷயம். வண்டியின் பின்பக்கம் ஒரு மேடை, இன்னார் வீட்டில் இன்னது என்று ஊருக்குச் சொல்கிற மேடை. இன்றைக்குப் பொருள் அதைவிட விலை கூடியது, ஆனால் அட்டைப்பெட்டிக்குள் வருகிறது, பூட்டிய வண்டியில் வருகிறது, அடுக்குமாடியின் லிஃப்டில் ஏறிவிடுகிறது. எதிர்வீட்டுக்காரருக்குக் கூரியர் பையன் தவறாகக் கதவைத் தட்டினால்தான் தெரியும்.

கான்வாஸை ஓரங்கட்டியது பிளாஸ்டிக். நெய்த பாலிதீன் பாய்கள் வந்தன. அதற்குப் பின் பல அடுக்குப் பிலிமை ஒட்டிச் செய்த சில்பாலின் வந்தது. கனம் இல்லை, ஊறாது, மக்காது. வெயிலில் மட்டும் நொறுங்கும். விலை இறங்கியதும் பாய் எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. கயிற்றின் இடத்தை சைக்கிள் டியூப் பிடித்தது. டியூபை நீளவாக்கில் கிழித்து இரண்டு முனையிலும் எஸ் கொக்கி மாட்டினால் இழுத்து மாட்ட வேண்டியதுதான், முடிச்சே வேண்டாம். வித்தை கொஞ்சம் கொஞ்சமாகக் கையிலிருந்து நழுவியது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

மிச்சத்தை 2005-ல் வந்த டாடா ஏஸ் முடித்துவைத்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல், முக்கால் டன் பாரம். சந்துக்குள் நுழையும் நாலு சக்கர வண்டி. நம் ஜனங்கள் ஒரே வருஷத்தில் அதற்குக் ‘குட்டியானை’ என்று பெயர் சூட்டி, கம்பெனி வைத்த பெயரை மறந்துவிட்டார்கள். 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்து சேர்ந்தது. சிட்லபாக்கம், மாடம்பாக்கம், வேங்கைவாசல் என்று ஏரிக்கரை வரைக்கும் மனைகள் விழுந்து வீடுகள் முளைத்த காலம். மணலும் கம்பியும் வீட்டுச் சாமானும் இந்தச் சின்ன வண்டிகளில்தான் போயின. லாரியில் டிரைவர் ஒருவர், கிளீனர் ஒருவர். குட்டியானையில் ஒரே ஆள். அவரேதான் ஓட்டுநர், முதலாளி, கணக்குப்பிள்ளை, பல சமயம் லோடு மேனும். வீடு காலி செய்யும்போது கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க வீட்டுக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். “சார், அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க... இழுங்க சார், பயப்படாதீங்க, அறுந்துபோகாது.” சார் பிடிக்கிற பிடியில் பாய் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது டிரைவருக்குத் தெரியும். பேசாமல் போய் அதே கயிற்றைத் திரும்ப ஒருமுறை கட்டுவார்.

ஒரே ஆள் வண்டிக்கு ஒரே ஆள் மூடி வேண்டும். நாலு வளைவுக் கம்பி போட்டு அதன் மேல் நிரந்தரமாக ரெக்ஸின் போர்த்தினார்கள். சிலர் பாடியையே தகரப் பெட்டியாகக் கட்டினார்கள். ஆன்லைன் ஆர்டர் பெருகியபின் அந்தக் கன்டெய்னர் பாடியே வழக்கமாகிவிட்டது. ஒரகடம், மறைமலை நகர் ஆலைகளுக்கு உதிரி பாகம் ஏற்றும் வண்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சரக்கு திரும்பி வரும் என்ற பயம் வேறு.

மழை என்றதும் 2015-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றுக்குள் போயின. சாதாரண பிக்கப் ஒன்றின் பின்பாடி ஐந்தடி நீளம், ஐந்தடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை அடி என்பது சுமார் 46 சென்டிமீட்டர். ஓட்டையை எல்லாம் அடைத்துத் திறந்த வெளியில் நிறுத்தியிருந்தால் அன்று ஒரே நாளில் அது நிரம்பி வழிந்திருக்கும். ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர், அதாவது ஒரு டன்னுக்கு மேல் எடை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், பிக்கப்புக்கு மூடி விற்கும் கடைக்காரர் “நூறு சதவீதம் வாட்டர் புரூஃப் சார்” என்று சொல்லும்போது சிரிப்பு வரும்.

வெள்ளை போர்டு பிக்கப் பெரிய அளவில் கண்ணில் பட ஆரம்பித்தது 2016-க்குப் பிறகு. இசுஸு முதலில் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் வண்டி செய்தது. 2016 ஏப்ரலில் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்து, அடுத்த மாதமே டி-மேக்ஸ் வி-கிராஸை விற்பனைக்கு விட்டது. 2022-ல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது, அப்போது முப்பது லட்சத்துக்கு மேல் விலை. அதற்கு முன்பே மஹிந்திராவும் டாடாவும் இரட்டை கேபின் பிக்கப் விற்றுப் பார்த்திருக்கிறார்கள். குடும்ப வண்டியாக அவை பெரிதாக ஓடவில்லை. ஒரு வேடிக்கை: ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்போடு அடிச்சட்டத்தைப் பகிர்ந்துகொண்ட எண்டெவர் மறைமலை நகரில்தான் தயாரானது. ரேஞ்சர் மட்டும் இங்கே கடைக்கு வரவே இல்லை. 2022-ல் ஆலையே மூடிவிட்டது.

முப்பது லட்சம் கொடுத்து வாங்கினவர் அதன் மேல் நீலத் தார்ப்பாயைக் கட்டுவாரா? லேப்டாப் பையும் சூட்கேஸும் பின்னால் கிடக்க, மாலில் வண்டியை விட்டுப் போக வேண்டும். காருக்கு டிக்கி இருக்கிறது, இதற்கு இல்லை. பாடியோடு சமமாக உட்காரும் மூடியின் தேவை அங்கே பிறந்தது. சுருட்டும் அலுமினிய ஷட்டர், மூன்றாக மடியும் பலகை, டிக்கி போலத் தூக்கும் ஃபைபர் மூடி, வினைல் துணியில் பட்டன் போட்டது என்று பல ரகம். பெரும்பாலும் தாய்லாந்திலிருந்தும் சீனாவிலிருந்தும் வரும் சரக்கு. தாய்லாந்தில் பிக்கப்தான் ஊர் வண்டி என்பதால் அங்கே இது பெரிய தொழில். விலையைக் கேட்டு மலைத்துப் போகிறவர்கள் ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கு வருகிறார்கள்.

பட்டறையில் முதலில் தெரியவரும் உண்மை, பாடி சதுரமாக இல்லை என்பதுதான். முன்னால் ஒரு அளவு, பின்பலகையிடம் வேறு அளவு. மூலைக்கு மூலை டேப் பிடித்தால் இரண்டு குறுக்களவும் ஒத்துப்போகாது. கேட் செய்கிற கையோடு நாலு பக்கம் அளந்து தகடு வெட்டினால் ஒரு மூலை இடிக்கும், எதிர்மூலை இளிக்கும். விவரம் தெரிந்த மேஸ்திரி அட்டையை வைத்து அச்சு வெட்டிக்கொள்வார், அப்புறம்தான் தகட்டில் கை வைப்பார்.

அடுத்தது கனம். ஐந்தடிக்கு ஐந்தடி, இரண்டு மில்லி இரும்புத் தகடு என்றால் தகடு மட்டும் 35 கிலோவைத் தாண்டும். அதே அளவு அலுமினியம் 12 கிலோ. சட்டம், கீல், பூட்டு வேறு. இரும்பில் செய்த மூடியைத் தினமும் தூக்கித் திறக்கிறவர் ஒரு மாதத்தில் திறப்பதையே விட்டுவிடுவார். அலுமினியம் என்றால் வேறு தலைவலி: வெயிலில் நீளும். கறுப்பு மூடி சித்திரை வெயிலில் காலையைவிட நாற்பது டிகிரி கூடச் சுட்டால், ஐந்தடிக்கு ஒன்றரை மில்லி நீளும், ஆசாரி கணக்கில் ஏறக்குறைய அரை நூல். இடைவெளியே விடாமல் கச்சிதமாகப் பொருத்தியவர் மதியம் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு நிற்பார். இரும்புத் திருகாணியை நேராக அலுமினியத்தில் முடுக்கினால், கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டியில் ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடி கட்டி அலுமினியம் அரிக்கும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாஷர் போட்டால் தப்பலாம். ஒரு ரூபாய்ச் சமாச்சாரம், கேட்காவிட்டால் போட மாட்டார்கள்.

தண்ணீர்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை. தார்ப்பாய் லோடுக்கு மேல் கூரையாக நிற்பதால் தண்ணீர் வழிந்துவிடும். தொய்ந்த இடத்தில் குளம் கட்டினால் கீழேயிருந்து கட்டையால் ஒரு தள்ளு. சமமட்டமான மூடியில் தண்ணீர் போக இடமில்லை, விளிம்பைத் தேடி வந்து உள்ளே இறங்கும். ரப்பர் பீடிங்கை மட்டும் நம்பினால் இரண்டு கோடையில் அது காய்ந்து கல்லாகிவிடும். நல்ல மூடியில் விளிம்புக்கு உள்ளே ஒரு ஓடை இருக்கும். கசிகிற தண்ணீரை அது பிடித்து, மூலைக் குழாய் வழியே வண்டிக்கு அடியில் விடும். அந்தக் குழாய் வாய் விரலளவு. வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்துகிறவர்கள் ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை கம்பி விட்டுக் குத்திவிட வேண்டும். இன்னொன்று, மூடி போட்டால் மைலேஜ் கூடும் என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜி.எஸ்.டி. சாலையில் நாம் போகிற வேகத்துக்குக் காற்றா தடுக்கிறது?

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. ஆட்டோவுக்கு ஹூட் தைக்கும் குஷன் கடைகள் பல்லாவரம், தாம்பரம் பக்கம் உண்டு. அங்கே இருக்கும் கைகள் ரெக்ஸினை வளைவுக் கம்பி மேல் சுருக்கம் விழாமல் இழுக்கப் பழகியவை. ஓரத்தில் அலுமினியச் சட்டம் ஒன்றைப் பட்டறையில் செய்துகொண்டு, துணியை இவர்களிடம் கொடுத்தால் ஒரு வினைல் மூடி தைத்துவிடுவார்கள். கத்தியால் கிழிக்கலாம், பாதுகாப்பு குறைவுதான். ஆனால் சுருட்டி ஒரு பக்கம் வைத்துவிடலாம், கிழிந்தால் அதே கடையில் ஒட்டுப் போடலாம்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், அதை அழுத்திச் சொன்னது. வெல்டிங் வைத்து ஒட்டியது மாற்றம், கிளாம்ப் போட்டுக் கழற்றக்கூடியது வெறும் துணைப்பொருள் என்று கடைக்காரர்கள் தைரியம் சொல்வார்கள். அவர்கள் சொல்வதோடு நிறுத்தாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. மஞ்சள் போர்டுக்காரர்களுக்கு இது ரொம்பப் பழைய பாடம். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷா வருஷம் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டியிருப்பதால், எதைப் போட்டாலும் ஸ்பானரில் கழற்றுகிற மாதிரிதான் போடுவார்கள்.

குட்டியானைக்காரர் ஒருவரிடம் பிக்கப்பின் சமமட்ட மூடியைக் காட்டி, “அண்ணே, நீங்களும் ஒண்ணு போடலாமே” என்று சொல்லிப் பாருங்கள். “போடலாம் சார். போட்டுட்டு பீரோவைப் படுக்கவெச்சா கண்ணாடி போயிடும், ஃபிரிட்ஜைப் படுக்கவெச்சா கம்பிரசர் போயிடும். பார்ட்டிக்கு யார் பதில் சொல்றது?” என்பார். அவருக்கு வருமானமே விளிம்புக்கு மேலே ஏறும் உயரத்தில்தான் இருக்கிறது. பிக்கப்காரருக்கு விளிம்புக்குக் கீழே உள்ள ஒன்றரை அடி போதும். அதற்கு மேல் வருகிற சாமானுக்கு அவர் போனில் ஆப்பைத் திறந்து குட்டியானையைத்தான் கூப்பிடுகிறார். வாடகை ஒத்துவந்தால் டிரைவர் வருவார், கூடவே நீலப் பாயும், கிழித்த டியூபும், சீட்டுக்குப் பின்னால் ஒரு சுருள் கயிறும்.